அம்மா அன்று காலையில் பொட்டை அழித்தாள்

உடையார்கட்டு
09.02.2025

அன்புள்ள நிசா,

தைப்பூசத்துக்கும் உன்னை வீட்டுக்கு விடமாட்டார்களாம் என்று கேள்விப்பட்டேன். கைத்தொலைபேசியைப் பூட்டி வைக்கிற விடுதியில் நீ இருப்பதால் எனக்குத் தபாற்கந்தோர் மட்டும்தான் துணை.

உன் தங்கச்சி தனுஷா பெரியபிள்ளையான செய்தி உனக்கு வந்திருக்கும். கேள்விப்பட்ட அன்றே அம்மா நல்லெண்ணெயும் ஊர்க்கோழி முட்டையும் கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனார். உன் அம்மா படலையிலேயே வாங்கிக்கொண்டு, உள்ளே வரச் சொல்லவில்லையாம். துடக்கு வீடு, வேலை அதிகமாக்கும் என்றார் அம்மா.

நான் எழுத வந்தது வேறு விடயம். என் கதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்து ஒரு மாதமாகப் போகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். கூடாது என்றாவது சொல்லலாம்தானே. கையெழுத்துப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தாலும் காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லிக் கைதட்ட வைக்கிற செல்வநாயகம் சேர், பத்திரிகையை வாங்கி வாசித்தார், நான்காக மடித்தார், "சரி பிள்ளை, படியுங்கோ" என்றார். அவ்வளவுதான். சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். பழைய பத்திரிகைக் கட்டில் அந்த ஞாயிறு இருக்கிறது, என் பக்கம் மட்டும் இல்லை. ஐயாத்துரை அண்ணையின் தேநீர்க்கடையில் வடை சுற்ற எடுத்திருப்பார்கள்.

ஐயாத்துரை அண்ணை என்னைக் கண்டால் எப்படிக் கேட்பார் என்று உனக்குத் தெரியும். "என்ன எழுத்தாளர், இண்டைக்கு எத்தினை பேரைச் சாக்காட்டினனீங்கள்?" போட்டிக்கு எழுதுகிற எல்லாக் கதையிலும் நான் யாரையாவது சாகடித்துவிடுவேன் என்று அவருக்கு ஒரு பகிடி. இப்போது அதையும் கேட்பதில்லை. சீனியைச் சுற்றித் தந்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்.

நீ சொன்னபடிதான் எழுதினேன். நான் முதல் எழுதின கிணறு வெட்டுகிறவர் கதையை வாசித்துவிட்டு, கீழே கேள்வி கேட்டு மாணவரைச் சோதிக்க எழுதின மாதிரி இருக்கிறது, உன்னைப் பற்றி எழுது, 'நான்' என்று எழுது என்றாய். எழுதினேன். பாலத்தடியில் இராணுவத்திடம் சரணடையும்போது கையைக் காட்டிவிட்டுப் போன அப்பா. பதினாறு வருடமாக நாள்தோறும் குங்குமம் வைக்கிற அம்மா. ஒருநாள் அவள் அதை அழித்துவிடுகிறாள். என் அம்மா அப்படிச் செய்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஓர் இடம் மட்டும்தான் கற்பனை. அதை எழுதி முடித்தபோதுதான் நான் எழுத்தாளர் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குக் காட்டவில்லை. அவர் பத்திரிகை வாசிப்பதை விட்டுக் கனகாலம். எனக்கும் துணிவில்லை.

இனி எழுதப் போவதில்லை. உயர்தரப் பரீட்சை இருக்கிறது, அதைப் பார்க்கிறேன்.

உன்
தர்சி


வவுனியா
16.02.2025

அன்புத் தர்சி,

எழுதப் போவதில்லை என்பதை இரண்டு தாளில் முன்னும் பின்னும் எழுதியிருக்கிறாய். நல்ல முடிவுதான்.

விடுதிப் பொறுப்பாளர் ஜெயரூபி அக்கா எங்கள் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். உன்னுடையதை நீட்டிக்கொண்டே, "உம்மட சிநேகிதிக்குக் கையெழுத்து நல்ல வடிவு. ஆனா சரியான கவலைக்காரி" என்றார். இந்தா, உனக்கு ஒரு வாசகர் கருத்து. ஒன்றுமே வரவில்லை என்று இனிச் சொல்லாதே.

எங்கள் ஊரில் யாராவது வாய்விட்டுப் பாராட்டி நீ கேட்டிருக்கிறாயா? கலியாண வீட்டில் சோறு நன்றாக இருந்தால் இன்னொரு அகப்பை போடச் சொல்லுவார்கள், அவ்வளவுதான். உப்புக் குறைந்தால்தான் வாய் திறக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் உன் கதையில் உப்புச் சரி என்று அர்த்தம்.

பகிடியை விடு. நான் உன் கதையை உயிரியல் புத்தகத்துக்குள் வைத்து வாசித்தேன். பொட்டை அழித்த விரலை அந்த அம்மா சீலையில் துடைக்காமல் கதவு நிலையில் துடைக்கிறாளே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று கலப்பிரிவு மண்டைக்குள் ஏறவில்லை. என் பக்கத்துக் கட்டில்காரி பூவரசங்குளத்துப் பிள்ளை. வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்கிறாள். அவள் வீட்டிலும் யாரோ வராமல் இருக்கிறார்கள் போல. நான் கேட்கவில்லை.

உன் கதை எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. போனவை திரும்பி வந்து உனக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

அடுத்ததை எழுது. தனுஷாவின் சடங்கு மாசிக் கடைசியில். எனக்கு விடுமுறை கேட்டாயிற்று. நான் வரும்போது அடுத்த கதை உன் கையில் இருக்க வேண்டும். அன்ரியிடம் சொல், என் அம்மா உன் அம்மாவைத்தான் முதல் ஆராத்திக்குக் கூப்பிடுவார். எனக்கு எடுத்தவர் தங்கச்சிக்கும் எடுக்க வேண்டும்.

நிசா


உடையார்கட்டு
26.02.2025

அன்புள்ள நிசா,

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கதவு நிலையைப் பற்றி நீ எழுதியதைப் பலதரம் வாசித்துவிட்டேன். அந்த வரியை வெட்டலாமா என்று அனுப்ப முதல் நெடுநேரம் யோசித்தது உனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த கதையைத் தொடங்கிவிட்டேன். அரிவு வெட்டு இயந்திரம் போனபின் வயலில் கொட்டுண்டு கிடக்கிற கதிரைப் பொறுக்குகிற ஒரு பெண்ணைப் பற்றியது. இப்போது எங்கள் வீதி முழுக்க நெல் காய்கிறது. சைக்கிளில் போனால் ஓரமாகப் போ என்று எல்லா வீட்டாரும் பேசுவார்கள். என்னை மட்டும் இந்த முறை ஒருவரும் பேசவில்லை. நெல்லுக்கு மேலாலேயே விட்டுக்கொண்டு போனேன், பார்த்துக்கொண்டு நின்றார்கள். மயில்வாகனம் அண்ணை ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். என்னத்துக்கு என்று அம்மா கேட்க, சும்மா என்றார். எங்களுக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கலே இல்லை. கதையைப் பற்றி ஒரு சொல் வரும் என்று நான் அறைக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாழைப்பழம் மட்டும்தான் வந்தது.

அம்மா பயற்றம்பணியாரம் சுடத் தொடங்கிவிட்டார். பயறு வறுத்த வாசம் குசினியில் இருந்து என் மேசை வரை வருகிறது. பச்சைக் கரை போட்ட சேலையை வெளியில் எடுத்துக் காயப்போட்டிருக்கிறார். உன் சடங்குக்கு உடுத்த அதே சேலை. அன்றைக்கு எங்கள் வீதிப் பெண்கள் உங்கள் முற்றத்தில் நின்று சோடா மட்டும் குடித்துவிட்டுப் போனதும், அம்மா மட்டும் மேடையேறித் தட்டை எடுத்ததும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அம்மா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டுவதில்லை. நான்தான் சொல்கிறேன்.

சீக்கிரம் வா. கதையை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்
தர்சி


உடையார்கட்டு
10.03.2025

நிசாந்தினி,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். நான் என்ன கண்டேன் என்பது உனக்குத் தெரியாது.

பந்தல் வாசலில் நீ சந்தனமும் குங்குமமும் பன்னீரும் வைத்த தட்டோடு நின்றாய். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்குக் குங்குமம் முன்னுக்கு இருந்தது. அம்மா கிட்ட வரும்போது தட்டைத் திருப்பினாய். சந்தனம் முன்னுக்கு வந்தது. நான் அதைத் தற்செயல் என்று நினைத்தேன். அம்மா நினைக்கவில்லை. உன் கைக்கு மேலால் தன் கையை நீட்டி, அந்தப் பக்கம் இருந்த குங்குமத்தைத் தொட்டு, ஏற்கெனவே இருந்த பொட்டின் மேல் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நீ நிலத்தைப் பார்த்தாய்.

முன்வரிசைக் கதிரையில் இருந்தோம். வீடியோக்காரர் ஆராத்தி எடுக்க இரண்டிரண்டு பேராக மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் சோடி போனது, அம்மா இல்லை. அடுத்தது போனது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கடைசியில் ஓர் ஆள் குறைந்தது. அம்மா எழும்ப அரைவாசி உன்னினார், நிசா. அதற்குள் சந்தியில் தையல்கடை வைத்திருக்கிற அக்காவை இரண்டாம் தரம் ஏற்றினார்கள். உன்னின அம்மா கதிரையைப் பின்னுக்குத் தள்ளுவது மாதிரித் தள்ளிவிட்டுத் திரும்ப இருந்தார். அதை வேறு ஒருவரும் காணவில்லை. நான் கண்டேன்.

பின்னால் சமையல் கொட்டிலுக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"நீதானேம்மா பேப்பர்ல போட்ட. அம்மா மனசத் தேத்திக்கிட்டு பொட்ட அழிச்சிட்டாங்கன்னு ஊரே சொல்லுது. மேடையில ஏத்தி நாலு பேரு நாலு விதமா பேசவான்னுதான் கூப்பிடல."

அது கற்பனை என்றேன். அம்மாவின் நெற்றியைப் பாருங்கோ என்றேன்.

"நான்னுதானே எழுதியிருக்க. படமும் ஒம் படந்தானே. இன்னைக்கு சபைக்காக வச்சிட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சிட்டாங்க."

சீருடையோடு என் படம், கீழே என் பெயர், ஊர். கதை வருகிறது என்று நான் மகிழ்ந்த அந்தப் பக்கத்தை எங்கள் ஊர் மரண அறிவித்தல் மாதிரி வாசித்திருக்கிறது. ஐயாத்துரை அண்ணையின் மௌனமும் மயில்வாகனம் அண்ணையின் வாழைப்பழமும் எனக்கு இப்போதுதான் விளங்குகின்றன. உன் அம்மா படலையில் வைத்து முட்டையை வாங்கினதும்.

ஒருவரும் உங்களை வீட்டுக்குள் எடுக்காத ஊரில் எடுத்தவர் என் அம்மா என்று உன் அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நேற்று அதை ஒருவரும் சொல்லவில்லை.

உனக்கு முதலே தெரிந்திருக்கிறது. தட்டைத் திருப்பத் தெரிந்த கைக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை.

சிவதர்சினி


வவுனியா
20.03.2025

தர்சி,

ஓம், தெரியும். சடங்குக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரியும். அதற்கு முதல் நான் எழுதியதெல்லாம் ஒன்றும் தெரியாமல் எழுதியது. உப்புச் சரி என்று எழுதினேனே, அதையும் சேர்த்துத்தான். நீ நம்பாவிட்டால் விடு.

வந்த இரவு முழுக்க அம்மாவோடு சண்டை பிடித்தேன். அது கதை, அவள் சோடித்து எழுதினது என்றேன். "பொய்யின்னா அந்தப் புள்ள அத ஏன் எழுதுது?" என்று அம்மா கேட்டார். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது, நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

நீ காணாத ஒன்றை நான் சொல்கிறேன். உங்கள் வீதிப் பெண்கள் எங்கள் வீட்டில் ஆராத்தி எடுக்க இந்த முறைதான் முதன்முதலாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிடவும் ஒத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் வந்து, அன்ரியின் பெயரைச் சொல்லி, அருந்ததி ஏறினால் நாங்கள் ஏறமாட்டோம், பிள்ளைக்குக் கூடாது என்றார்கள். பெயர் வேண்டாம். நீ அவர்களுடைய நெல்லுக்கு மேலால் சைக்கிள் விட்டிருப்பாய். என் அம்மா, அன்ரி ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் ஆட்கள் மலையகத் தோட்டங்களில் இருந்து இந்தக் காட்டுக்கு வந்து இரண்டு தலைமுறை போய்விட்டது. அந்தச் சனம் எங்கள் கதிரையில் இருப்பதைப் பார்க்க அம்மாவுக்கு ஆசையாக இருந்தது. அது பிழைதான். ஆனால் அந்த ஆசை உனக்கு விளங்காது. உன்னை எந்த முற்றத்திலும், சாப்பிடாமல் சோடா மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வைத்ததில்லை.

அன்ரி எங்களுக்குச் செய்ததை நீ இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அம்மா சொல்லிக் காட்டுவதில்லை, நான்தான் சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் மறக்கவில்லை. நீ மறக்க விட்டதும் இல்லை.

தட்டைத் திருப்பினேன். அம்மா திருப்பச் சொன்னார், திருப்பினேன். அன்ரியின் கை என் கைக்கு மேலால் போனபோது வளையல் என் மணிக்கட்டில் பட்டது. இன்னும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இதற்கு மேல் என்ன எழுத வேண்டும்?

உனக்கு வாசகர் கருத்து வேண்டும் என்றாய். கேள். சனசமூக நிலையத்தில் காணாமல் போன உன் பக்கம் வடை சுற்றப் போகவில்லை. வீடு வீடாகப் போய், மடிப்பில் கிழிந்து, ஒட்டுப்போட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்துத் தெரியும். மூலையில் இருந்த தனுஷாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முடிந்ததும் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தன் தாய் செத்தபோது கூட அம்மா அப்படி அழவில்லையாம், தனுஷா சொல்கிறாள். அப்படி அழுதுவிட்டு எழும்பி, ஆராத்திக்குப் பெயர் சொன்னபோது அன்ரியின் பெயரைச் சொல்லாமல் விட்டார். அழுததும் அவர்தான், விட்டதும் அவர்தான். ஊர் முழுக்க உன்னை நம்பியது. எழுதுகிறவர்கள் கேட்கிறது அதைத்தானே.

'நான்' என்று எழுதச் சொன்னது பிழை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. எழுதுவதை விடாதே. இந்தக் கடிதத்தில் இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நிசா


உடையார்கட்டு
22.04.2025

நிசா,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதிக் கிழித்தது நிறைய.

வருடப்பிறப்புக்கு முதல்நாள் சந்தையில் உன் அம்மாவைக் கண்டோம். என் அம்மா நின்று கதைத்தார், தனுஷா பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். நான் கத்தரிக்காயைத் தெரிந்தெடுப்பது மாதிரி நின்றுகொண்டேன். அன்ரி என்று ஒரு சொல் கூப்பிட என்னால் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை.

காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் கூடுகிற நாட்களில் கிளிநொச்சிப் போராட்டத்துக்கு அப்பாவின் படத்தோடு அம்மா இப்போதும் போகிறார். போனமுறை பஸ்ஸில் கூடப் போகிற ஒருவர், மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்களாமே, பிறகு ஏன் படத்தைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டாராம். இதை அம்மா சொல்லவில்லை. கேட்டவரின் மகள் என் வகுப்பு.

அதற்குப் பிறகு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கதை முழுக்கக் கற்பனை, என் தாயார் நலமாகவும் சுமங்கலியாகவும் இருக்கிறார் என்று. அனுப்ப முதல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று, அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த கதையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைத் துண்டைக் கண்டதும், தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார்.

மயில்வாகனம் அண்ணை வாழைப்பழத்தைச் சுற்றிக் கொண்டுவந்தது என் கதை வந்த பக்கத்தில்தானாம்.

சடங்குக்கு முதலே அம்மா வாசித்திருக்கிறார், நிசா. ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பணியாரம் சுட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் முன்வரிசையில் போய் இருந்திருக்கிறார்.

பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை வாங்கி வாசித்தார். அப்படி ஒன்றும் போட வேண்டாம் என்றார். ஊருக்குப் பொட்டைக் காட்டத் தனக்குத் தெரியும், அதற்குப் பத்திரிகை தேவையில்லை என்றார். நான் அழுதேன். அவர் புடைப்பதை நிறுத்தவில்லை. சமையலில் ஏதோ குறை சொல்லுகிற குரலில் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஒரு பிழைதான் இருக்கு. அந்த மனுசி விடிய எழும்பி அழிக்கிறாள் எண்டு எழுதியிருக்கிறாய். விடிய ஆரும் அழிக்க மாட்டினம், பிள்ளை. விடிய எழும்பேக்க இண்டைக்கு வருவார் எண்டுதான் இருக்கும். அழிக்கிறதெண்டால் பொழுதுபடத்தான்."

கதை கேட்கிற சின்னப்பிள்ளை மாதிரி, பிறகு என்று மட்டும் கேட்டேன்.

"பிறகென்ன. விடிய முகத்தைக் கழுவிப்போட்டுத் திரும்ப வைக்கிறது."

சுளகைத் தட்டிவிட்டு எழும்பி, அரிசி களையப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று நீ என்னைச் சொல்லுவாய். வாசலில் உன் தட்டுத் திரும்பியதைக் கவனித்தேன். கதிரையில் அம்மா உன்னினதைக் கவனித்தேன். ஒரே வீட்டில் இவ்வளவு காலமாக இருக்கிறேன், பொழுதுபட்ட பிறகு அம்மாவின் நெற்றியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முழு ஊரிலும் என் கதையை வாசித்து, கதையாகவே எடுத்து, பிழை சொன்னவர் அவர் ஒருவர்தான். இப்படி ஒருவருக்காகத்தான் மாசி முழுக்க உன்னைக் கரைச்சல் படுத்தினேன். கிடைத்துவிட்டது. இனி வேறு ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கதிர் பொறுக்குகிற பெண்ணின் கதையை நிறுத்திவிட்டேன். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய கதையை எடுத்து, முதல் வரியில் 'காலையில்' என்பதை வெட்டி, 'பொழுதுபட' என்று எழுதினேன். அதற்குப் பிறகு வருகிற ஒரு வரியும் பொருந்தவில்லை. கதவு நிலையும்தான். இருட்டில் துடைத்தால் அது யாருக்குத் தெரியும்?

திரும்ப முதலில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அனுப்ப மாட்டேன்.

தர்சி